சில மருத்துவமனைகள் நூற்றாண்டுகள் நிலைப்பதும் சில நலிந்துபோவதும் ஏன்?

கட்டடத்தின் வலிமையையோ மருத்துவர்களின் திறமையையோ விட, வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதே பெரும்பாலும் இதைத் தீர்மானித்திருக்கிறது என்பது என் கருத்து.

லண்டனின் புனித பார்த்தலோமியு மருத்துவமனையைப் பாருங்கள். ரோமுக்கு யாத்திரை சென்ற இடத்தில் நோயுற்ற ராஹியர் என்பவர், பிழைத்தால் ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனை கட்டுவதாக நேர்ந்துகொண்டு, 1123இல் அதை ஒரு மடத்தோடு சேர்த்து நிறுவினார் என்பது வரலாறு. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1539இல் அந்த மடமும் மூடப்பட்டது. மருத்துவமனை மூடப்படவில்லை என்றாலும் அதன் வருமானம் அற்றுப்போனது. நகரவாசிகளின் வேண்டுகோளுக்குப் பின் 1546இல் அதே மன்னர் அதை நகரத்திடம் ஒப்படைத்தார். ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி பிற்காலத்தில் அங்குதான் பணியாற்றினார். 1948இல் அது பிரிட்டன் அரசின் தேசிய சுகாதாரச் சேவையில் இணைந்தது. 1990களில் மூடும் பரிந்துரையை எதிர்த்து மக்கள் போராடியதால் தப்பித்தது. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவை இழந்து, இன்று இதயம், புற்றுநோய் ஆகியவற்றுக்கான சிறப்பு மையமாக இயங்குகிறது.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மருத்துவமனையோ வக்ஃபு சொத்துகளின், அதாவது அறப்பணிக்கென நிரந்தரமாக எழுதிவைக்கப்பட்ட சொத்துகளின், வருமானத்தில் பல நூற்றாண்டுகள் இயங்கியது.

நிதி இருந்தும் நெரிசலால் சீரழிவதும் உண்டு. பாரிஸின் ஓத்தெல்-தியூ மருத்துவமனையில் ஒரே கட்டிலில் நான்கு, சில சமயம் ஆறு நோயாளிகள்கூட, ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால் படும்படி படுத்திருந்ததை அறுவை மருத்துவர் தெனோன் 1788இல் பதிவுசெய்தார். நலம் தேடி வந்தவர் பக்கத்தில் படுத்தவரின் காய்ச்சலை வாங்கிக்கொண்ட அந்த நிலையை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.