நான்கு கணவாய், ஒரே பகல்

கேள்வி: மகன் மிலானில் வேலை செய்கிறான். பனிச்சறுக்கு கற்றுக்கொண்டேன். அவனோடு இத்தாலியின் டோலமைட் மலையில், செல்லா மலையைச் சறுக்கியபடி சுற்றிவரும் செல்லாரோண்டா சுற்று போக ஆசை. ஒரே நாளில் முடியுமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முடியும், சகோதரி. ஆனால் காலை 10 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கார்தேனா, செல்லா, போர்தோய், கம்போலோங்கோ என நான்கு கணவாய்கள். சுமார் 40 கிலோமீட்டரில் சறுக்குவது 26தான், மீதி நம்மை மலைமேல் ஏற்றிவிடும் லிப்ட். கடிகாரச் சுற்றுக்கு ஆரஞ்சு பலகை, எதிர்ச்சுற்றுக்குப் பச்சை. பாதைகள் பெரும்பாலும் நீலமும் சிவப்பும். நீலம் எளிது, சிவப்பில் சரிவு கூடும். சிவப்பில் தைரியமாக இறங்க வந்த பிறகு போங்கள்.

தூரத்தைக் கணக்குப் போடாதீர்கள், கடைசி லிப்ட் நேரத்தைப் போடுங்கள். மாலை 3.30-க்குள் கடைசிக் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். என் முதல் பயணத்தில் சூப் குடிக்க உட்கார்ந்து அரை மணி போய்விட்டது. லிப்ட் நின்றிருந்தது. ஈரக் கையுறையோடு டாக்ஸிக்குக் காத்திருந்த குளிர் இன்னும் விரலில் இருக்கிறது. அதன்பின் மடித்த வரைபடத்தில் ஒவ்வொரு கணவாய்க்கும் நேரத்தைப் பென்சிலால் எழுதி, மேல் பையில் வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம், ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டுமான டிக்கெட் போதாது. முழுப் பகுதிக்கான டோலமிட்டி சூப்பர்ஸ்கி பாஸ் வாங்குங்கள். காசிமேட்டில் காற்றைப் பார்த்துத்தானே படகு எடுப்பார்கள்? அங்கேயும் அப்படித்தான். காற்று பலத்தால் மேல் லிப்ட்டை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.