50 புள்ளி தைரியம்

அன்புள்ள சார்,

நானும் நண்பனும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு மொபைல் கேம் செய்துகொண்டிருக்கிறோம். வகுப்பில் ஒரு பையனை எல்லோரும் கேலி செய்கிறார்கள். அவனுக்காகப் பேசினால் 50 புள்ளி, சும்மா இருந்தால் 20 குறையும். தங்கையிடம் கொடுத்தேன். யோசிக்காமல் சரியானதை அழுத்திவிட்டு, "எதுக்குப் புள்ளி வரும்னு பார்த்தாலே தெரியுதே" என்றாள். கேம் ஆடித் தைரியம் வரவே வராதா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடியிருப்பீர்கள். புண்ணியத்துக்கு ஏணி, பாவத்துக்குப் பாம்பு. ஆனால் ஏணியில் ஏறியவர் ஒரு புண்ணியமும் செய்யவில்லை, தாயக்கட்டை அப்படி விழுந்தது. உங்கள் கேமில் ஆடுபவரே தேர்ந்தெடுக்கிறார், அதுவரை சரி. ஆனால் ஏணி எங்கே இருக்கிறது என்று நீங்களே காட்டிவிடுகிறீர்கள்.

லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆடிப் பாருங்கள். அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லையில் பாஸ்போர்ட்டுக்கு முத்திரை குத்துகிற வேலை. ஒரு ஆளைச் சரியாகச் சோதித்தால் 5 கிரெடிட் கூலி. அதில்தான் வீட்டு வாடகை, சாப்பாடு, ஹீட்டர் செலவு எல்லாம். பத்தாவிட்டால் மகனோ மாமியாரோ நோயில் விழுவார்கள்.

ஒருநாள் ஒருவர் வருவார். தாள்கள் சரியாக இருக்கும். அடுத்து வருவது தன் மனைவி, கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். மனைவியிடம் நுழைவு அனுமதி இருக்காது. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்பாள். நாளொன்றுக்கு முதல் இரண்டு தவறுக்கு வெறும் எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து அபராதம். அன்று என் கவனக்குறைவால் இரண்டும் ஏற்கெனவே போயிருந்தன. சிவப்பு முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். கேம் என்னைத் திட்டவில்லை. வரிசை நகர்ந்தது, அவ்வளவுதான். அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

இரண்டாம் முறை ஆடியபோது அவளுக்காக ஒரு எச்சரிக்கையை மிச்சம் பிடித்து வைத்தேன். உள்ளே விட்டேன். செலவில்லாத அந்த இரக்கத்தைத் தைரியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் புள்ளியை எடுத்துவிடுங்கள். அவனுக்காகப் பேசினால் மறுநாள் மதியச் சாப்பாட்டில் பக்கத்து இடம் காலியாகட்டும், கிரிக்கெட்டுக்குக் கூப்பிடாமல் போகட்டும். காப்பாற்றப்பட்டவன் நன்றி சொல்ல வேண்டும் என்றில்லை. "உன்னை யார் கேட்டா?" என்று எரிந்துகூட விழலாம். இன்னொன்று: சும்மா இருப்பதற்கென்று பொத்தான் வைக்காதீர்கள். நிஜத்தில் யாரும் அதற்காக எதையும் அழுத்துவதில்லை. மணி அடித்துவிடும், எல்லோரும் கலைந்துவிடுவார்கள்.

இதையெல்லாம் செய்தால் தைரியம் வந்துவிடுமா என்று கேட்டால், வரும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தயங்கி நிற்கிற அந்தக் கணத்தைப் பிள்ளைகள் ஒருமுறை பழகிப் பார்க்கலாம். ஒரு கேமிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

அப்புறம், மாற்றியதும் தங்கையிடமே கொடுங்கள். இந்தத் தடவை எத்தனை விநாடி யோசிக்கிறாள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.