கால்வாய்களால் இணைந்த ஆறுகளில் ஸீப்ரா சிப்பிகளின் மரபணுக்கள் எப்படிக் கலக்கின்றன?

புதிய ஆறுகளில் பரவித் தொல்லை தரும், வரிகள் கொண்ட சிறு நன்னீர்ச் சிப்பியான ஸீப்ரா சிப்பி, முட்டைகளையும் விந்தையும் நீரிலேயே விட்டுவிடும். கருவுற்ற முட்டைகளிலிருந்து வரும் லார்வாக்கள் (நுண்ணிய இளம் உயிர்கள்) சில வாரங்கள் மிதந்து, நீரோட்டம் போகும் திசையில் பரவுகின்றன. ஆனால் ஓட்டத்தை எதிர்த்து அவற்றால் நீந்த முடியாது; அங்கேதான் கப்பல் வருகிறது! வளர்ந்த சிப்பிகள் நூல் போன்ற இழைகளால் கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு மேல்நோக்கியும் பயணிக்கின்றன.

ஐரோப்பாவில், கருங்கடலில் கலக்கும் டான்யூப் ஆற்றையும் வடகடலில் கலக்கும் ரைன் ஆற்றையும் 1992இல் மைன்–டான்யூப் கால்வாய் இணைத்தது. தனித்தனியே வளர்ந்த கூட்டங்கள் இனப்பெருக்கம் செய்து கலக்க வழி பிறந்தது. பொதுவாகச் சில உயிர்களிலிருந்து தொடங்கும் கூட்டத்தில் மரபணு வேறுபாடு குறைவு. புதுவரவுகள் அக்குறையை நிரப்புகின்றன. எனக்குக் கவலை தருவது இதுதான்: வேறுபாடு மிகுந்த கூட்டம் புதிய வெப்பநிலைக்கும் நீரின் தன்மைக்கும் எளிதில் பழகிக்கொள்ளக்கூடும். ஆகவே, சிப்பி ஏற்கெனவே பரவிய ஆற்றிலும் படகுகளைச் சுத்தம் செய்வது வீண்வேலை அல்ல.