அம்மாவுக்குச் சர்க்கரை வந்துவிட்டது, சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாற்றிவிட்டால் போதுமா?

அம்மாவுக்கு 51 வயது, சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள், நாளை முதல் மூன்று வேளையும் சப்பாத்திதான் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அம்மா எத்தனையாவது ஆளாகச் சாப்பிட உட்காருகிறார்? அவர் உட்காரும்போது பொரியல் சட்டியில் என்ன மிச்சம் இருக்கிறது?

நான் மருத்துவர் அல்ல. மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் நெல் விளைவிக்கும் வீடுகள். 2019இல் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.1. 6.5ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்பதால் மருத்துவர் அன்றே மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு என்று இரண்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்.

செய்தி தெரிந்த அன்றே நாத்தனார் போன் செய்து, "அண்ணி, சோறுதான் விஷம், இன்றோடு விட்டுவிடுங்கள்" என்றார். விட்டேன். இரவில் ஐந்து சப்பாத்தி, உருளைக்கிழங்குக் குருமா. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எண் அசையவே இல்லை. கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் அப்போதாவது கணக்குப் போட்டிருக்க வேண்டும். முப்பது கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஐந்துக்கு 100 கிராம். குருமாக் கிழங்கு தனி. கோதுமை மாவில் அரிசியை விட நார்ச்சத்து அதிகம் என்பது உண்மைதான். நூறு கிராமுக்கு ஏறக்குறைய 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. ஆனால் மாவுச்சத்தில் இரண்டும் பங்காளிகள். கேழ்வரகும் அப்படியே. நைசாக அரைத்த கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சி, டம்ளர் டம்ளராகக் குடித்தால் வயிற்றுக்குச் செய்ய வேலையே இல்லை. அந்தக் கஞ்சி குடித்த ஒரு நாள், இரண்டு மணி நேரம் கழித்து எனக்கு ரத்தச் சர்க்கரை 240 இருந்தது.

அடுத்து நான் செய்ததுதான் ஆபத்தான காரியம். மாவுச்சத்தையே தொடாதீர்கள் என்று ஒரு காணொளியில் ஒருவர் சொன்னார். காலையில் கிளிமிப்பிரைடைப் போட்டுக்கொண்டு, இரண்டு அவித்த முட்டையும் நாலு துண்டு வெள்ளரிக்காயும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். நான்காம் நாள், மூன்றாவது பாடவேளை, எட்டாம் வகுப்பு. கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது, முதுகெல்லாம் வியர்வை, நான் எழுதிய எண்களே எனக்குப் புரியவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து நீட்டினாள். அந்தக் குழந்தையின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அறிவியல் ஆசிரியை எப்போதும் குளுக்கோமீட்டர் வைத்திருப்பார். விரலில் குத்திப் பார்த்தால் 54. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. "கடலை மிட்டாய் வேண்டாம் டீச்சர், கடலையில் இருக்கும் எண்ணெய் தாமதப்படுத்தும்" என்று மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். பதினைந்து நிமிடம் கழித்து 92 ஆனது.

அன்று மாலை மருத்துவரிடம் போனேன். அவர் கோபப்பட்டது நியாயம். "சாப்பாட்டை மாற்றப் போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இந்த மாத்திரை கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் மாத்திரையையும் குறைத்தாக வேண்டும்." மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தாழ்வு அரிது. கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும்தான் இதில் கவனிக்க வேண்டியவை.

அதன் பிறகு உணவு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். சாப்பிடுவதை எல்லாம் ஒரு வாரம் நோட்டில் எழுதி வாருங்கள் என்றார் அவர். எழுதினேன். எழுதியதை நானே படித்தபோது அழுகை வந்துவிட்டது. திங்கள்: சோறு, ரசம், ஊறுகாய். செவ்வாய்: சோறு, குழம்பு, அப்பளம். புதன்: சோறு, மோர், ஊறுகாய். அந்த வாரம் முழுக்க நான் அவரைக்காயும் கீரைத்தண்டும் வாழைப்பூவும் ஆய்ந்து நறுக்கிச் சமைத்திருக்கிறேன். மாமனார், கணவர், இரண்டு பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் உட்காரும்போது சட்டியில் கடுகும் உளுத்தம்பருப்பும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். சோறு மட்டும் எப்போதும் மிஞ்சும். வீணாகக் கூடாதே என்று அதையும் வழித்துப் போட்டுக்கொள்வேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. இதைச் சொன்னால் "எங்கள் வீட்டில் அப்படி இல்லை" என்று ஆண்கள் சிலர் எழுதுவார்கள். இல்லையென்றால் மகிழ்ச்சி. ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

ஒரு மதியம் தட்டிலிருந்த சோற்றைத் தராசில் வைத்தேன். 450 கிராம். நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து என்றால் மொத்தம் 126 கிராம். அது அத்தனையும் குளுக்கோஸாக உடையக்கூடியது. நம் உடம்பில் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் சர்க்கரை அளவு 100, அதாவது நூறு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம், என்று வைத்தால், மொத்தக் குளுக்கோஸே ஐந்து கிராம்தான், ஒரு தேக்கரண்டி. தேக்கரண்டி அளவைக் காக்க வேண்டிய இடத்தில் 126 கிராமை, தடுக்க ஒரு கைப்பிடிக் காய்கூட இல்லாமல், பத்து நிமிடத்தில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

நார்ச்சத்தை நம் குடலால் செரிக்க முடியாது. அதனால்தான் அது பயன்படுகிறது. அதில் ஒரு வகை தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழவென்று ஆகி, உணவு இரைப்பையை விட்டு இறங்குவதை மெதுவாக்குகிறது. சர்க்கரை ஒரேயடியாக ஏறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேர்கிறது. மிச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் உணவு. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும் என்கிறார்கள். பழச்சாற்றில் தேடாதீர்கள், வடிகட்டும்போது பெரும்பகுதி சக்கையோடு போய்விடும்.

இப்போது எனக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் காயை முதலிலேயே எடுத்து வைத்துவிடுகிறேன். முதலில் காய், கூடவே பருப்போ சுண்டலோ முட்டையோ, கடைசியில் சோறு 150 கிராம். இந்த வரிசைக்கே பலன் இருக்கிறது. பிறகு பதினைந்து நிமிடம் பள்ளி மைதானத்தில் நடை. வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். ஒன்பது மாதத்தில் ஆறு கிலோ குறைந்தேன், எச்பிஏ1சி 6.6க்கு வந்தது. கிளிமிப்பிரைடை மருத்துவரே நிறுத்தினார். மெட்ஃபார்மின் தொடர்கிறது. சோறும் தொடர்கிறது.

ஒருத்தியின் கதையை வைத்து எல்லோருக்கும் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. உணவை மாற்றி நடந்தவர்களுக்கு அது நோயாக முற்றும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. மாவுச்சத்தை அறவே விட்டு நலமாக இருப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மருத்துவர் மேற்பார்வையில் செய்திருந்தால் நல்லது.

நார்ச்சத்தைக் கூட்டினால் தண்ணீரையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மலம் இறுகிவிடும். எனக்கு இறுகியது. ஏனென்றால் பள்ளியில் நான் தண்ணீரே குடிப்பதில்லை. 22 ஆசிரியைகளுக்கு இரண்டு கழிப்பறைகள், அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் வரும். அடக்கி அடக்கி எங்களில் மூன்று பேருக்குச் சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. மூன்று முறை மனு எழுதினோம். சுற்றுச்சுவருக்கு வண்ணம் அடிக்க வந்த பணம் தாழ்ப்பாளுக்கு வரவில்லை. கேட்ட கேள்விக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பீர்கள். உங்கள் அம்மா வேலைக்குப் போகிறவர் என்றால் தொடர்பு இருக்கிறது.

காயை ஒரேயடியாகக் கூட்டாமல் வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வயிறு உப்பாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் பருப்பு, கீரை அளவையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவின் மாத்திரை அட்டையில் கிளிமிப்பிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு என்று ஏதாவது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மருத்துவரிடம் பேசிய பிறகுதான் சோற்று அளவில் கை வைக்க வேண்டும்.