சூரியன் இவ்வளவு வெளிச்சம் தரும்போது விண்வெளி மட்டும் ஏன் இருட்டாகத் தெரிகிறது?

இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பா தேயிலை பெக்டரியில் இரவுக் காவல் பார்த்தார். பனி மூடிய இரவுகளில் அவர் டோர்ச் அடித்துக்கொண்டு போகும்போது, லயத்து வாசலில் நிற்கிற எனக்கு அந்த வெளிச்சம் நீளமான வெள்ளைக் கம்பு மாதிரித் தெரியும். பனி இல்லாத இரவிலும் அதே டோர்ச், அதே பெட்டரிதான். ஆனால் கம்பைக் காணக் கிடைக்காது. வெளிச்சம் போய் விழுகிற கல்லும் தேயிலைச் செடியும் மட்டும் தெரியும். நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

கண்ணுக்குள் வந்து விழுகிற ஒளிதான் நமக்குத் தெரியும். பக்கவாட்டில் கடந்து போகிற ஒளியை ஏதாவது ஒன்று சிதறடித்து நம் பக்கம் திருப்ப வேண்டும். பனியில் நீர்த்துளிகள் அதைச் செய்கின்றன. பகல் வானத்தில் காற்றின் மூலக்கூறுகள் செய்கின்றன. அவை நீலத்தை அதிகமாகச் சிதறடிப்பதால்தான் வானம் நீலம். விண்வெளியில் அப்படித் திருப்பிவிட அநேகமாக எதுவுமே இல்லை. சூரிய ஒளி அங்கே நிறைந்து ஓடுகிறது, நம் கண்ணுக்குத்தான் வருவதில்லை. நிலவிலும் காற்று கிடையாது. 1969இல் அங்கே இறங்கியவர்களுக்குத் தரை வெயிலில் பளீரென்று இருந்தது, தலைக்கு மேலே வானம் கறுப்பு.

சரி, மற்றப் பாதிக்கு வருகிறேன். எனக்கு இதுதான் பெரிய கேள்வி. சூரியனை விடுங்கள், எந்தத் திசையில் பார்த்தாலும் நட்சத்திரங்கள் இருக்கின்றனவே? அவற்றின் ஒளி நேராக நம்மிடம்தானே வருகிறது? வானியலாளர் கெப்ளர் 1610இலேயே இதை யோசித்தார். 1823இல் ஜெர்மன் வானியலாளர் ஒல்பர்ஸ் மறுபடி கேட்டார், அவர் பெயரே அந்தப் புதிருக்கு நிலைத்துவிட்டது.

தூரத்து நட்சத்திரம் மங்கலாகத்தானே இருக்கும் என்று சொல்லத் தோன்றும். அது போதாது. சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில் மஸ்கெலியா பக்கமிருந்து இரவில் மலையைப் பார்த்திருக்கிறீர்களா? பாதையில் ஏறும்போது விளக்குகள் தனித்தனியாக நிற்கும், நடுவில் இருட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு விளக்கும் மங்கியிருக்கும், ஆனால் இடைவெளிகள் சுருங்கிப் போய், உச்சிவரை ஒரே ஒளிக்கோடு. பிரபஞ்சம் எல்லையில்லாமல், என்றென்றைக்கும் நட்சத்திரங்களோடு இருந்திருந்தால், வானத்தின் இண்டு இடுக்கெல்லாம் இப்படி அடைபட்டு, இரவு முழுக்கச் சூரியனின் முகம் போல எரிய வேண்டும்.

எரியவில்லை. ஏனென்றால் பிரபஞ்சத்துக்கு வயது இருக்கிறது, ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். எதிர்மலையில் யாராவது விறகு வெட்டினால் கோடரி இறங்குவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம்தான் வரும். இரண்டு மலை தள்ளி ஒருவர் இப்போதுதான் வெட்டத் தொடங்கினார் என்றால், அந்தச் சத்தம் இன்னும் வழியில் இருக்கும். ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் போகிறது. அப்படியும் வெகுதூரத்து நட்சத்திரங்களின் ஒளி இங்கே வந்துசேர இன்னும் காலம் போதவில்லை. நட்சத்திரங்களும் ஒரு காலத்துக்குத்தான் எரிகின்றன. பிரபஞ்சம் விரிவதால், வருகிற ஒளியின் அலை நீண்டு பலம் குறைவதும் உண்மை. பலர் அதையே முதல் காரணமாகச் சொல்கிறார்கள். நட்சத்திர ஒளியைப் பொறுத்தவரை வயதுதான் பெரிய காரணம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தொடக்கத்தில் பிரபஞ்சமே எங்கள் மலை போல மூடிக்கிடந்தது. மின்னேற்றம் கொண்ட துகள்களின் சூடான மூட்டம் அது, ஒளியால் ஊடுருவ முடியாது. சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆனபோது வெப்பம் 3000 கெல்வின் அளவுக்குத் தணிந்து மூட்டம் விலகியது. அன்று விடுபட்ட ஒளி இன்றைக்கும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. வழியில் ஆயிரம் மடங்குக்கும் மேல் நீண்டு நுண்ணலையாக (மைக்ரோவேவ்) மாறிவிட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவரின் பெரிய அன்டெனாவில் அது இரைச்சலாக வந்தது. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து, உள்ளே கிடந்த புறா எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவில் வந்துகொண்டே இருந்தது.