சீன நிறுவனங்கள் கையெழுத்தைவிட முத்திரையை ஏன் பெரிதாக மதிக்கின்றன?

மேலாளர் கையெழுத்திட்ட பிறகும், சீனத் தரப்பு சிவப்பு முத்திரை விழும்வரை ஒப்பந்தத்தை முடிந்ததாகக் கருதாதது ஏன் என்பது கேள்வி.

சீனாவில் நிறுவனத்தின் சம்மதத்தைக் காட்டுவது பெரும்பாலும் அந்த வட்ட முத்திரைதான். நடுவில் ஐந்துமுனை நட்சத்திரமும், சுற்றிலும் வளைவாக நிறுவனத்தின் சீனப் பெயரும் கொண்ட அது காவல்துறைப் பதிவேட்டிலும் இடம்பெறுகிறது. நிதிக்கும் ஒப்பந்தங்களுக்கும் தனி முத்திரைகள் உண்டு.

முத்திரை யார் கையில் இருக்கிறதோ, நடைமுறையில் அதிகாரமும் அவரிடமே. தாங்தாங் என்ற இணையப் புத்தக விற்பனை நிறுவனத்தின் இணை நிறுவனர் லீ குவோச்சிங், மனைவி யூ யூவுடன் நிர்வாகப் பூசல் முற்றியிருந்த 2020 ஏப்ரலில், ஆட்களுடன் பெய்ஜிங் அலுவலகத்துக்குள் நுழைந்து 47 முத்திரைகளை அள்ளிச் சென்றார்; போகும்போது ரசீதும் எழுதி வைத்தார் என்பதுதான் வேடிக்கை. நிறுவனம் காவல்துறையில் புகார் அளித்து, அம்முத்திரைகள் செல்லாது என அறிவித்தது. அதே ஆண்டு, சிப் வடிவமைப்பு நிறுவனமான ஆர்மின் சீனக் கூட்டு நிறுவனம் ஆர்ம் சைனாவின் தலைவர் ஆலன் வூவை இயக்குநர் குழு நீக்கியும், முத்திரை தம்மிடம் இருந்ததால் அவர் 2022 வரை அசையவில்லை.

எனவே, முத்திரையிலுள்ள சீனப் பெயர் வணிக உரிமத்திலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆங்கிலப் பெயரை நம்பிப் பயனில்லை. பல பக்க ஒப்பந்தமெனில், தாள்களை விசிறிபோல் விரித்து எல்லா ஓரங்களிலும் படும்படி குறுக்கே ஒரு முத்திரை இடக் கேளுங்கள். பிறகு இடையில் ஒரு தாளை மாற்றினால் தெரிந்துவிடும்.