வாசகர் கேள்வி – பதில்: யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராக்கள்

மாட்டுங்கா வாசகி ஒருவர்: ஸ்டூடியோ நடத்தி வந்த என் தாத்தாவின் யாஷிகா-மேட் கேமரா எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தது. கடைக்காரர் ஒருவர், "இது பழைய மாடல், இதைக் கொடுத்துவிட்டு மேலே பணம் போட்டு 124ஜி வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் தரமானது" என்கிறார். மாற்றிக்கொள்ளலாமா?

மாற்ற வேண்டாம். ஷட்டர் ஒழுங்காக ஓடி, லென்ஸும் தெளிவாக இருந்தால், 124ஜி எடுக்கும் படத்துக்குச் சற்றும் குறையாத படத்தை உங்கள் தாத்தாவின் கேமராவும் எடுக்கும். முகப்பில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்து விலை சொல்லும் வழக்கம் சந்தையில் வேரூன்றிவிட்டது. வாங்குகிறவர்கள் அதற்கு இணங்க வேண்டியதில்லை.

யாஷிகா நிறுவனம் 1957இல் மேட் கேமராவை வெளியிட்டது. அதுவரை அந்நிறுவனத்தின் இரட்டை லென்ஸ் கேமராக்களில் குமிழைத் திருகித்தான் ஃபிலிமை நகர்த்த வேண்டியிருந்தது. மேட்டில் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி வந்தது. அதை முன்னோக்கிச் சுற்றி, தடை தட்டியதும் பின்னோக்கித் திருப்பிவிட்டால், அந்த ஒரே அசைவில் ஃபிலிமும் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடும், ஷட்டரும் முடுக்கப்பட்டுவிடும். மறுநூற்றாண்டில் கையில் எடுப்பவருக்கும் அந்த அசைவு இரண்டாம் ரோலுக்குள் பழகிவிடும் என்பது இந்த வடிவமைப்பின் பெருமை.

அடுத்த ஆண்டே, வெளிச்சத்தை அளக்கும், பேட்டரி தேவைப்படாத செலினியம் மீட்டருடன் எல்.எம். என்ற மாடல் வந்தது. 1965இல் வந்த 24, நீளமான 220 ஃபிலிமை மட்டும் ஏற்றது. 1967இல் வந்த 12, 120 ஃபிலிமை மட்டும் ஏற்றது. 1968இல் வந்த 124 இரண்டையும் ஏற்றது. 1970இல் 124ஜி வந்து, 1986 வரை உற்பத்தியில் இருந்தது. 'ஜி' என்பது மீட்டரின் மின் இணைப்புகளுக்குப் பூசிய தங்கத்தைக் குறிக்கும். வெளிப்புறப் பளபளப்புப் பட்டைகளும் கறுப்பாக மாறின. ஆனால், படம் எடுக்கும் கீழ் லென்ஸ் இந்த மேட் வரிசை முழுவதிலும் நான்கு கண்ணாடிகளைக் கொண்ட எஃப் 3.5 லென்ஸ்தான். தொடக்கத்தில் அதற்கு லூமாக்ஸார் என்ற பெயர் இருந்தது, பிறகு யாஷினான் ஆனது. 220 ஃபிலிம் அரிதாகிவிட்ட இன்று, 124ஜியில் உள்ளதும் உங்கள் மேட்டில் இல்லாததும் பழைய மீட்டர் ஒன்றுதான். அதன் நிலையை மூன்றாவது கேள்விக்கான பதிலில் காணலாம்.

உங்கள் கேமராவை நீங்களே சோதித்துவிடலாம். வேகத்தை 1 நொடியில் வைத்து, ஷட்டரை அழுத்திவிட்டு, காதருகே வைத்துக் கேளுங்கள். உள்ளே பற்சக்கரம் ஒரே சீராக இரைந்து ஓடி, 'டக்' என்று மூட வேண்டும். நடுவில் தயங்கினாலோ திறந்தபடியே நின்றுவிட்டாலோ, பல்லாண்டுகளாக ஓடாமல் உள்ளே எண்ணெய் இறுகிவிட்டது என்று பொருள். அனுபவமுள்ள மெக்கானிக் அதைக் கழுவிச் சரிசெய்துவிடுவார். வீட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விட்டுவிடாதீர்கள், அது ஷட்டர் இதழ்களில் பரவி அவற்றை ஒட்டவைத்துவிடும். 'வி' என்று குறித்திருக்கும் சுயமாகப் படம் எடுக்கும் விசையையும் தொடாமல் இருப்பது நல்லது. பழைய கேமராக்களில் அது பாதி வழியில் சிக்கிக்கொண்டு ஷட்டரையும் நிறுத்திவிடுவதுண்டு.

டோம்பிவிலி கல்லூரி மாணவர்: ஃபோர்ட் போரா பஜாரில் பழைய யாஷிகா-டி ஒன்றையும் மினோல்டா ஆட்டோகார்ட் ஒன்றையும் பார்த்தேன். எதை வாங்கலாம்?

லென்ஸை மட்டும் வைத்துப் பேசினால் ஆட்டோகார்டின் ரொக்கோர் சற்று மேலானது என்பது என் கருத்து. ஆனால் அதில் ஃபோகஸ் செய்வதற்கு லென்ஸுக்குக் கீழே உள்ள சிறிய நெம்புகோல், கிரீஸ் இறுகிய நிலையில் அழுத்தினால் ஒடிந்துவிடும் தன்மையது. அது இரு பக்கமும் வெண்ணெய்போல் வழுக்கிச் செல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

யாஷிகா-டி குமிழ் திருகும் கேமரா. ஷட்டரைத் தனியே முடுக்க வேண்டும் என்பதால், கவனக்குறைவாக இருந்தால் ஒரே ஃபிலிம் கட்டத்தில் இரண்டு படங்கள் விழுந்துவிடும். பெரும்பாலான 'டி' கேமராக்களில் மூன்று கண்ணாடிகள் கொண்ட யாஷிகோர் லென்ஸ்தான் இருக்கும், பிற்காலத்தில் வந்தவற்றில் யாஷினான் இருக்கும். அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுவதும் திறந்தால் யாஷிகோரில் ஓரங்கள் மென்மையாகிவிடுமே தவிர, அதைச் சுருக்கி எஃப் 8, எஃப் 11இல் வைத்தால் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். முதல் கேமராவாக வாங்கும் மாணவருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

செம்பூர் வாசகர்: என் 124ஜியில் புதிய பட்டன் பேட்டரி போட்டும், மீட்டர் சொன்னபடி எடுத்த படங்கள் இருட்டாகவே வருகின்றன. ஏன்?

அந்த மீட்டர் 1.35 வோல்ட் தரும் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. சுற்றுச்சூழல் காரணங்களுக்காக அந்த பேட்டரி நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கிடைக்கும் அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட் தருவதால் முள் கூடுதலாக நகர்ந்து, இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டுகிறது. அதை நம்பி அபர்ச்சரைக் குறைக்கிறோம், ஃபிலிமில் போதிய வெளிச்சம் விழுவதில்லை. காது கேட்கும் கருவிக்கான 675 எண் பேட்டரி ஏறத்தாழ 1.4 வோல்ட் தரும், அளவில் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு வளையம் வைத்துப் பொருத்த வேண்டும். மேல்மூடியைத் திறந்தாலே மீட்டர் இயங்கத் தொடங்கிவிடும் என்பதால் மூடியைத் திறந்தே வைத்திருக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும், இவ்வளவு வயதான மீட்டரை நான் முழுமையாக நம்பச் சொல்லமாட்டேன். ஒளியுணரும் திறன் 400 எனக் குறித்த ஃபிலிமுக்கு, நல்ல வெயிலில் 1/500 நொடி, எஃப் 16. மேகமூட்டத்தில் அதே ஷட்டர் வேகத்தில் எஃப் 8. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, ஐயம் வந்தால் வெளிச்சத்தைக் கூட்டியே எடுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும், குறைவைத் தாங்காது.

தாராவி வாசகர்: மேலிருந்து பார்க்கும்போது படம் இடம் வலம் மாறித் தெரிகிறது. கோளாறா?

இல்லை. காட்சியைப் பார்ப்பதற்கு மட்டுமான மேல் லென்ஸ் தரும் பிம்பம் உள்ளே சாய்வாகப் பொருத்திய ஒரு கண்ணாடியில் மட்டும் பட்டுத் திரைக்கு வருவதால் அப்படித்தான் தெரியும். ஃபிலிமில் சரியாகவே பதியும்.

முலுண்ட் வாசகி: ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் லென்ஸுக்குள் சிலந்தி வலை போன்ற இழைகள் கூடுகின்றன. தோலுறையில் போட்டு, துணியில் சுற்றி, பீரோவில்தான் வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

அது பூஞ்சை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் இருக்கும் ஈரமும், மூடிய பீரோவின் இருட்டும் அதற்கு வேண்டிய அனைத்தையும் கொடுக்கின்றன. அது வெளிப்படுத்தும் அமிலம் லென்ஸின் பூச்சையும் நாளடைவில் கண்ணாடியையும் அரித்துவிடும். தொடக்கத்தில் துடைத்தால் போய்விடும், தாமதித்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும். ஆகவே அடுத்த மழைக்குக் காத்திராமல் இப்போதே கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்று பார்க்க, ஃபிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, அபர்ச்சரை முழுவதும் திறந்து, வேகத்தை, அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் 'பி'யில் வைத்து, ஷட்டரை அழுத்திப் பிடித்தபடி டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மேல் லென்ஸில் மட்டும் இழைகள் இருந்தால் படத்துக்குப் பாதிப்பில்லை. ஆனாலும் அதே பெட்டிக்குள் கீழ் லென்ஸும் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பிறகு தோலுறையை விட்டுவிடுங்கள். ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு உணவாவதே அந்தத் தோலும் துணியும்தான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் கேமராவை வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் போடலாம். மாதத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து, ஷட்டரை எல்லா வேகங்களிலும் சில முறை ஓட்டுங்கள். உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடியை மட்டும் துணியால் தேய்த்துவிடாதீர்கள். அதன் வெள்ளிப் பூச்சு முன்புறத்திலேயே இருப்பதால் அழுத்தித் துடைத்தால் உரிந்துவிடும். தூசியை ஊதுபந்தால் ஊதிவிட்டாலே போதும்.